மரத்துக்காகப் பதில் சொல்கிறவள்

உருளைக்கிழங்கு எடுக்கத்தான் நிலவறைக்குப் போனேன். மார்ச் முதல் வாரம், வெளியே முழங்கால் வரை பனி. என் வீட்டுக்காரர் செவெரினை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அங்கே எங்கள் வீட்டுக்கென்று இருக்கிற தடுப்பறையின் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். கிழங்குப் பெட்டிக்கும் ஜாம் பாட்டில்களுக்கும் நடுவில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரமாக, எங்கள் குட்டி ஆப்பிள் மரம் உடம்பெல்லாம் வெள்ளைப் பூவாக நின்றது.

கூடையைப் பிடித்தபடி நானும் நின்றுவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை அது. காற்று அசையவில்லை, ஒரு பூகூட உதிரவில்லை. தேன் வாசனையும் முளைவிட்ட கிழங்கின் வாசனையும் கலந்து மூச்சை அடைத்தது. நான்தான் செத்துப்போய்விட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் முட்டி வலித்தது, சாகவில்லை என்று தெரிந்தது. அந்த மரம் இருக்கவேண்டிய இடம் மூன்றாவது மாடியில் எங்கள் பால்கனி. வீட்டுக்கு வந்த மூன்று நாளில் நான் பால்கனித் திரையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை.

வாலென்டி வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். தரைத்தளத்தில் தனியாக இருக்கிறவர் அவர். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷம் நகரத்துக் கொதிகலன் நிலையத்தில் நின்று வீடு வீடாக வெந்நீர் அனுப்பிய மனிதர். சூடு கொடுத்தால் சரியாகாத கஷ்டம் உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவர். நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"அண்ணே, மரத்த யாரு கீழ இறக்கினது?"

"நான்தாம்மா." முகமெல்லாம் சிரிப்பு. "மைனஸ் இருபத்தெட்டு டிகிரிக்குப் போயிருச்சு. பாவம், வெளிய தனியா நின்னுக்கிட்டிருந்துச்சு. பனிச்சறுக்கு வண்டியில வச்சுக் கட்டி ஒவ்வொரு படியா இறக்கினேன். இடுப்பு போச்சு போங்க. எப்படி இருக்கான் பய?"

"பூத்திருக்கு."

"பாத்தீங்களா!"

"பாத்தேன். மார்ச் மாசத்துல, இருட்டுக்குள்ள, பேருக்கு ஒரு தேனீ கிடையாது. இந்த வருஷம் இனி ஒரு காய் பிடிக்காது. அது குளிர்ல தூங்கணும்ண்ணே. நல்லாத் தூங்கினாத்தான் மே மாசம் முழிச்சுப் பூக்கும். பாதித் தூக்கத்துல எழுப்பி விட்டுட்டீங்களே!"

சிரிப்பு இறங்கிவிட்டது. "குளிருமேன்னு நெனச்சேன்," என்றார். "செவெரின் வந்து பாக்கும்போது மரம் செத்துக் கிடக்கக்கூடாதேன்னு..."

அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் நாலு வார்த்தை கூடவே திட்டினேன். அந்தக் காலத்தில் யாரையாவது திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது, கையில் அகப்பட்டவர் அவர். திரும்பி வரும்போதுதான் உருளைக்கிழங்கை எடுக்காமலே வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஒரு மரத்துக்கு இவ்வளவு குதிப்பா என்று கேட்கலாம். அந்த ஆப்பிளை மனுஷர் வாயில் வைக்க முடியாது. சுண்டைக்காய் அளவு, கடித்தால் காது வரை புளிக்கும். ஆனால் இலையெல்லாம் கொட்டின பிறகும் சிவப்புச் சிவப்பாகக் கிளையிலேயே நிற்கும், பனி பட்டுப் பட்டு மெத்தென்று ஆகும். அப்போது வடக்கேயிருந்து மெழுகுச்சிறகன் என்கிற பறவைகள் வரும். தலையில் கொண்டை, வால் நுனியில் மஞ்சள் கோடு, சிறகில் சிவப்பு மெழுகு சொட்டினதுபோலப் புள்ளிகள். நாற்பது ஐம்பது சேர்ந்து வந்து இறங்கும். சின்ன மணிகளைக் குலுக்கினமாதிரி ஒரு சத்தம். ஒரு மணி நேரத்தில் மரத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் செவெரின் வருஷம் பூராவும் தொட்டியோடு மல்லுக்கட்டினார்.

நாட்டிலேயே குளிர் கூடின எங்கள் ஊர் சுவாவ்கியில் தொட்டி மரம் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. வானொலியில் நாடு முழுக்க வெப்பநிலை சொல்லிவிட்டு எங்கள் ஊரைக் கடைசியில் சொல்வார்கள், சொல்லும்போதே குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். செவெரின் முதலில் வைத்த மண்தொட்டி நவம்பரிலேயே வெடித்தது. இரண்டாவது மரம் வேர் உறைந்து செத்தது. நிலத்தில் நிற்கிற மரத்துக்குப் பூமி கம்பளி போர்த்திவிடும், தொட்டியில் நிற்கிறதற்கு நாலு பக்கமும் குளிர். மூன்றாவதாகத்தான் முட்டைக்கோஸ் ஊறவைக்கிற ஓக் பீப்பாயைப் பாதியாக அறுத்து, உள்ளே தெர்மோகோல் பதித்து, அடியில் பலகை கொடுத்து இந்த மரத்தை வைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வசந்தத்தில் வெளியே இழுத்து, வேரை ரம்பத்தால் ஓரம் கழித்து, புது மண் போடுவார். குளிர் தொடங்கினதும் பீப்பாயைச் சுற்றிப் பழைய மெத்தையும் சாக்கும் கட்டுவார். கிளைகளை மட்டும் மூடவிடமாட்டார். "வேருக்குப் போர்வை, தலைக்குப் பனி. அவ்வளவுதான் வித்தை," என்பார். பக்கத்திலேயே இன்னொரு தொட்டியில் செம்மணிக் கொத்துக் காய்க்கிற மரமும் உண்டு. அதைக் கருங்குருவிகள் அக்டோபரிலேயே காலி செய்துவிடும். குளிர்காலத்துக்கென்று நிற்பது குட்டி ஆப்பிள் ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பாட்டில் கை வைக்கும் முன்னே மரத்தை மிரட்டவேண்டும். அவர் அப்பா தோட்டத்தில் செய்ததை இவர் மூன்றாவது மாடியில் செய்தார். கைப்பிடியில் நீலப் பட்டை சுற்றின சின்னக் கோடரி ஒன்று. அதன் பின்பக்கத்தால் பீப்பாயில் ஒரு தட்டு. "ஏய் சோம்பேறி மரமே! காய்க்கிறியா, வெட்டட்டுமா?" நான் மரத்துக்குப் பின்னால் குத்தவைத்து, "வெட்டாதீங்க எஜமானே, காய்க்கிறேன்!" என்று மூக்கால் பேசவேண்டும். இப்படி மூன்று தடவை. அப்புறம் மேசை விரிப்புக்கு அடியில் பரப்பின வைக்கோலை எடுத்துத் தண்டில் கட்டவேண்டும். எதிர் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்துச் சிரிக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் அந்த மரமாக இருந்தேன்.

செவெரின் ஓயாமல் பேசுகிற மனுஷர். பேருந்தைப் பார்த்துப் பேசுவார், சூப்பைப் பார்த்துப் பேசுவார். பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவள் நான், வீட்டுக்கு வந்தால் எனக்குச் சத்தமே ஆகாது. ஜனவரி கடைசியில் ஒரு காலை பால்கனியிலிருந்து கூப்பிட்டார். "ஒதிலியா, ஓடி வா, வந்துட்டாங்க! மரம் நிறைய இருக்காங்க!" நான் அடுப்படியிலிருந்து, "கொஞ்சம் வாய மூடுய்யா, பால் பொங்குது," என்றேன். பாலை இறக்கி வைத்துவிட்டுப் போனபோது பறவைகள் போய்விட்டிருந்தன. அவர் கதவோரம் விழுந்து கிடந்தார்.

பேசுகிற செவெரினிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். வாய மூடு.

வீட்டுக்கு வந்தபோது பக்கவாதத்தில் வலது கை விளங்கவில்லை, வலது காலில் பாதி அசைவுதான். பேச்சில் மிஞ்சினது ஒரே ஒரு சொல், 'சரி'. சூப் வேணுமா, சரி. கசக்குதா, சரி. நான் யாரு, சரி. சில சமயம் கண்ணில் தண்ணீர் வரவர, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே சரி, சரி என்பார். உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கிங்கா என்ற பெண் வருவாள். சின்னப் பெண்தான், ஆனால் பொறுமை கடல். "அவசரப்படாதீங்க அத்தை," என்றாள். "புதுசா ஒரு வார்த்தைய யோசிச்சு எடுக்கறதுதான் அவருக்குக் கஷ்டம். வருஷக்கணக்கா அவர் தன் வாயால சொல்லிச் சொல்லித் தேஞ்சு போனது ஏதாவது இருக்கும். ஒரு பாட்டு, ஒரு செபம், ஒரு கேலி. ஒருநாள் அதுவா வழுக்கிட்டு வரும். அப்படி ஒண்ணு வந்தா மத்தது வரத் தெம்பு வரும்."

நான் செபம் சொல்லிப் பார்த்தேன். பாடிப் பார்த்தேன். நான் முப்பது வருஷம் அறிவித்த பேருந்துகளின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன். சரி, என்றார்.

அந்த மார்ச்சில் அவர் தூங்குகிற மதியங்களில் நான் நிலவறைக்கு இறங்கிப் போவேன். அவருடைய சவரத் தூரிகையை எடுத்துக்கொண்டு பூப்பூவாகத் தடவினேன், தேனீ வேலை. அந்த மரம் தன் மகரந்தத்தால் தானே காய்க்காத ரகம். பக்கத்தில் வேறொரு ஆப்பிள் பூத்திருக்கவேண்டும். ஊர் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது, எங்கே போக? தெரிந்தே தடவினேன். கை ஓய்ந்தால் கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து விளக்கை அணைத்துவிடுவேன். கதவிடுக்கில் கசிகிற வெளிச்சத்தில் கண் பழகப் பழகப் பூ மட்டும் மங்கலாகத் தெரியும். ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்து போனேன். கதவு பூட்டித்தான் இருந்தது, ஆனாலும் மெழுகுச்சிறகன்கள் வந்தன. சுவருக்குள்ளிருந்து வந்தமாதிரி ஒவ்வொன்றாக வந்து கிளையில் உட்கார்ந்தன. எல்லாம் வாயைத் திறந்து செவெரின் குரலில் பேசின. சூப்பில் உப்பு இல்லை, நாலாம் நம்பர் பேருந்து தாமதம், உன் தொப்பி கோணல். நான் வாய மூடு என்று சொல்லவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுந்தபோது மடியெல்லாம் இதழ்.

ஏப்ரலில் வாலென்டியும் நானுமாக மரத்தை மேலே தூக்கி வைத்தோம். மே மாதப் பனியில் இலை கருகி மறுபடி தளிர்த்தது. பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு காய் இல்லை. செவெரின் பால்கனிக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து கோடை முழுக்க அதையே பார்த்தார். இலையை இடது கையால் விலக்கிவிட்டுத் தேடுவார். என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஏன் என்று கேட்கிறார் என்று புரியும். நிலவறைக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாலென்டி செய்தார் என்று சொன்னால் அவர்களுக்குள் இருந்த சிநேகம் போய்விடும். அதோடு சாவியைக் கொடுத்தவள் நான், மரத்தை நினைக்கவே நினைக்காமல் ஐந்து வாரம் கிடந்தவளும் நான்.

"இந்த வருஷம் அதுக்கு மனசு சரியில்ல," என்று மட்டும் சொன்னேன்.

"சரி," என்றார்.

டிசம்பர் வந்தது. மெழுகுச்சிறகன்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பால்கனிக்கு என்ன இருக்கிறதென்று வரும்? வாலென்டி தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மேலே வருவார், மரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார். நான் ஒரு முடிவோடு இருந்தேன். காய்க்காத மரத்தை மிரட்டத்தானே அந்த வழக்கமே இருக்கிறது. இந்த வருஷம் கோடரியை நான் பிடிப்பது, செவெரின் உட்கார்ந்த இடத்திலிருந்தே மரமாகப் பதில் சொல்வது. 'காய்க்கிறேன்' என்று ஒரே ஒரு சொல். இருபத்திரண்டு வருஷமாகக் காதில் விழுந்த சொல்தானே, வந்துவிடும் என்று நினைத்தேன். கிங்காவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. பீட்ரூட் சூப், வெங்காயம் போட்ட மீன், கசகசா சேமியா எல்லாம் மேசையில். எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கென்று வைக்கிற காலித் தட்டின் முன்னால் இந்த வருஷம் வாலென்டியையே உட்காரச் சொன்னேன். கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு, முடியை நீர் தடவி வாரிக்கொண்டு வந்திருந்தார். நானும் அவரைத் திட்டி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

வெளியே பனி வெளிச்சம் நீலமாக இருந்தது. கூரைகளுக்கு மேலே ஒரு நட்சத்திரம். செவெரினுக்குக் கம்பளி போர்த்தி, நாற்காலியைக் கதவு நிலை வரை தள்ளிக் கதவைத் திறந்தேன்.

"இந்த வருஷம் நான்தான் எஜமான். நீதான் மரம். நான் கேட்டதும் 'காய்க்கிறேன்'னு சொல்லணும். என்ன?"

"சரி."

பீப்பாயைத் தட்டினேன். "ஏய் மரமே, காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

"சரி," என்றார் செவெரின்.

"அதுவும் ஒரு பதில்தானேம்மா," என்றார் வாலென்டி உள்ளேயிருந்து.

"நீங்க சும்மா இருங்கண்ணே." மறுபடி தட்டினேன். "காய்க்கிறியா? கா... காய்... சொல்லேன்யா."

அவர் முகம் சிவந்தது. "சரி, சரி!" என்று இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். கையை நீட்டி என் கையையோ, என் கையிலிருந்ததையோ காட்டினார். குளிர்கிறது, கதவைச் சாத்து என்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கு ராத்திரி மாடுகூட மனுஷப் பேச்சுப் பேசும்ங்கறாங்க! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேக்கறேன், வராதா உனக்கு?"

கத்திவிட்டேன். எதிர் ஜன்னலில் பிள்ளைகளின் மூக்குகள் விலகின. செவெரின் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பதினோரு மாதம் கழித்து மறுபடி அவர் வாயை அடைத்தவள் நானேதான். இனிமேல் இதையெல்லாம் விட்டுவிடவேண்டும், அவர் இருக்கிறபடி இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வைக்கோலை எடுத்தேன். அதையாவது முறையாகக் கட்டிவிட்டு உள்ளே போகலாம். கட்ட இரண்டு கையும் வேண்டும். கோடரியை வைக்க இடம் இல்லாமல் செவெரின் மடியில் வைத்தேன். மரத்துக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துத் தண்டைச் சுற்றி வைக்கோலைப் போட்டேன். முடிச்சு விழவில்லை, விரல் விறைத்திருந்தது.

பீப்பாயில் டொக் என்று ஒரு தட்டு விழுந்தது.

"ஏய்."

கரகரத்த குரல். பூட்டிக் கிடந்த அறையின் கதவைத் திறந்தமாதிரி.

"ஏய் சோம்பேறி மரமே. காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

கிளைகளுக்கு இடையில் அவர் முகம் தெரிந்தது. இடது கையில் கோடரி, கோணலாக. அவரே திடுக்கிட்டுத்தான் போயிருந்தார். உள்ளே வாலென்டி, "கதவ சாத்துங்க, சூடு வெளிய..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்திரண்டு வருஷம் அவர் வாயால் சொன்னது கேள்வி. பதில் என்றைக்கும் என்னுடையது. என் வசனத்தைப் பிடுங்கி அவர் வாயில் திணித்துக்கொண்டு, அவருடைய கோடரியையும் நானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மடச்சி.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். மரம் பேசவில்லை. புருவம் ஏறியது. டொக்.

"ஏய் சோம்பேறி மரமே! காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

இந்தத் தடவை தெளிவாக, பழைய செவெரினின் எரிச்சலோடு. என் கன்னத்தில் வழிந்தது அங்கேயே உறைந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். சொல்லிவிட்டால் மூன்று தடவையும் சீக்கிரம் முடிந்துவிடும். இன்னொரு தடவை கேட்கட்டும். இன்னும் நூறு தடவை கேட்கட்டும், பால் பொங்கினால் பொங்கட்டும். எதிர் ஜன்னலில் மூக்குகள் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன.

மூன்றாவது தடவை கேட்டார், நான்காவது தடவையும் கேட்டார். ஐந்தாவது தடவை கேட்டபோது கோடரியின் தலை கீழே சரிந்தது, குரலும் தேய்ந்தது. அதற்குமேல் அவரைக் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. மூக்கால் பேசினேன்.

"வெட்டாதீங்க எஜமானே. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப, என் மேல இருந்த பிரியத்துல என்னைக் கொண்டுபோய்ச் சூட்டுல வச்சுட்டாங்க. நேரம் கெட்ட நேரத்துல முழிச்சு, யாருமில்லாத இருட்டுல பூத்துட்டேன். இப்ப நல்லாத் தூங்கறேன். வர்ற வருஷம் காய்க்கிறேன்."

உள்ளே வாலென்டி மூக்கைச் சிந்துவது கேட்டது. செவெரின் திரும்பி அவரைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிளைகளுக்கு நடுவே என்னை.

"சரி," என்றார்.

பதினோரு மாதமாகக் கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போன அதே சொல்தான். கோடரியைப் பீப்பாய் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, வாலென்டியின் தட்டை நோக்கிக் கையை நீட்டி, சாப்பிடு என்று காட்டினார். நான் முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினேன். சூப்பை மறுபடி சூடாக்க வேண்டியிருந்தது.